சுரங்கத்துக்குள் ஒரு சிமென்ட் கணக்கு

தாது எடுத்த குழியை வெறுமையாக விட்டால் மேற்பாறை சரியும். அதனால் ஆலைக் கழிவுச் சேற்றில் சிமென்ட் கலந்து, குழாய்வழி உள்ளே இறக்குகிறார்கள். ஜெர்மனியின் பாட் குருண்ட் ஈய, துத்தநாகச் சுரங்கம் இப்படிக் கெட்டிக் கூழாக நிரப்புவதில் முன்னோடி.

சேர்க்கும் சிமென்ட் பெரும்பாலும் 3 முதல் 7 சதவீதம்தான். செலவிலோ அதுவே பெரும்பங்கு.

நிரப்பின் வலு போதாவிட்டால் இன்னும் சிமென்ட் கொட்டு என்பது சோம்பேறி வைத்தியம். கழிவில் பைரைட் இருந்தால், காற்றும் நீரும் பட்டு அமிலமும் சல்பேட்டும் உருவாகி, இறுகிய நிரப்பையே மாதங்கள் கழித்து அரிக்கும். 28 நாள் வலுச் சோதனையில் தேறிய கலவையும் இதற்குத் தப்புவதில்லை. சிமென்ட்டில் பெரும்பகுதிக்குப் பதிலாக இரும்பு உலைக் கசடுப் பொடியைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். சல்பேட்டை அது நன்றாகத் தாங்கும். தொடக்கத்தில் மெதுவாக இறுகுவதால், பக்கத்துத் தாதை உடனே வெட்டத் துடிக்கும் மேலாளர்களுக்குத்தான் கசக்கிறது.