சுவருக்குள் போக வேண்டியதை அப்புறம் பார்க்க முடியாது

வீடு கட்டுவோருக்கான கண்காட்சிகளில் பல ஆண்டுகளாக ஒரே பேச்சைக் கேட்டுவருகிறேன். "இப்ப எல்லாமே ஒயர்லெஸ் சார். நீங்க வீட்டைக் கட்டி முடிங்க, ஆட்டோமேஷனை அப்புறம் பார்த்துக்கலாம்." அண்மையில் ஒரு கூட்டத்தில் கட்டுமானத் துறைக்காரர் ஒருவர் இதையே மேடையேறி விரித்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் நாலாயிரம், ஐயாயிரம் சதுர அடியில் வீடு தொடங்கியிருப்பவர்கள். வாழ்நாள் சேமிப்போடு வங்கிக் கடனையும் சேர்த்துப் போட்டிருப்பவர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வீடுகளுக்கு மின்வேலை வரைபடம் போடுவது என் தொழில். இந்தத் தலையாட்டலின் விலை என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஒயர்லெஸ் என்றால் ஒயரே வேண்டாம் என்றார். அந்த ஒயர்லெஸ் சிக்னல் எங்கிருந்து வருகிறது? கூரையில் மாட்டும் வைஃபை ஆக்சஸ் பாயிண்டிலிருந்து. அதற்கு ஒரு கேட்-6 கேபிள் போக வேண்டும். அந்த ஒரே கேபிளில் டேட்டாவும் மின்சாரமும் சேர்ந்தே போய்விடும், நூறு மீட்டர் வரை கவலையில்லை. அந்தக் கேபிளுக்குக் கூரையில் பைப் இல்லையென்றால், ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு ரவுட்டரை வைத்துவிட்டு மூன்று மாடிக்கும் அதையே நம்ப வேண்டியதுதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கம்பி நிறைந்த கான்கிரீட் ஸ்லாப், லிஃப்ட் கிணறு, டைல்ஸ் பதித்த குளியலறைச் சுவர், அதில் ஆளுயரக் கண்ணாடி. இத்தனையையும் தாண்டி மேல்மாடிப் படுக்கையறைக்குள் சிக்னல் நுழையும்போது அதில் உயிர் இருக்காது. சிறிய ஃபிளாட்டில் ஓடுவதைக் காட்டிப் பெரிய வீட்டுக்காரரிடம் விற்கிறார்கள்.

இருக்கிற சுவிட்சுக்குப் பின்னால் ஒரு மாட்யூலைச் செருகினால் போதும் என்றார். அந்த மாட்யூலுக்குள் இருக்கும் ரேடியோ இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். அதற்கு நியூட்ரல் வேண்டும். நம் ஊர் வீடுகளில் பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். மாடிப்படியின் டூ-வே சுவிட்ச், கட்டில் ஓரத்து டூ-வே சுவிட்ச் இருக்கிறதே, அந்தச் சின்னப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்: பெரும்பாலும் நியூட்ரல் வந்திருக்காது. ஆட்டோமேஷன் மிகவும் தேவைப்படுகிற இடங்களும் அவைதான். நியூட்ரல் இல்லாமலே ஓடும் மாட்யூல் இருக்கிறதே என்பார்கள். அது பல்பின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டுத் தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு என்றால் அணைத்த பிறகும் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், அல்லது விட்டு விட்டு மின்னும். போதாக்குறைக்குப் பெட்டியின் ஆழம். ஏற்கெனவே ஒயர் அடைத்த பெட்டிக்குள் மாட்யூலையும் திணித்தால் மேல் பிளேட் சுவரோடு உட்காராது. டீப் பாக்ஸ் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் அது பூச்சு வேலைக்கு முன்பே வைக்க வேண்டிய பொருள்.

ஸ்மார்ட் பல்பு வாங்கி மாட்டுங்கள், சுவிட்சைத் தொடவே வேண்டாம் என்றார். அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைப்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கையோடு ஊறிய பழக்கம். பாட்டி சுவிட்சைத் தட்டினால் அந்த பல்பு செத்தது, போனில் எத்தனை முறை அழுத்தினாலும் எரியாது. ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் ஓடும் பல்பு என்றால் பக்கத்து அறைக் கருவிகளுக்கு அது கடத்தும் சிக்னலும் சேர்ந்தே போகும். பாட்டியைத் திருத்தச் சொல்லும் அமைப்பு வீட்டுக்கு ஆகாது.

குரலால் இயக்கலாம் என்பதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அது திட்டமே அல்ல.

இனி அவருடைய பெரிய வாதம். எல்லோரும் கைதட்டியதும் இதற்குத்தான். "அஞ்சு வருஷத்துல டெக்னாலஜி மாறிடும். இன்னைக்குச் சுவத்துல புதைக்கறது நாளைக்கு வீண்." முதல் பாதி முழு உண்மை. ரிவால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் வீட்டுக் கருவிகளை இணைத்து இயக்கும் ஹப் ஒன்றை 300 டாலருக்கு விற்றது. 2014-இல் நெஸ்ட் என்ற நிறுவனம் ரிவால்வை வாங்கியது. 2016 மே மாதம் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய ஹப் அன்றோடு வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஆட்டோமேஷன் நிறுவனத்தின் சர்வர்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றன. போன் ஆப்பை நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். ஆனால் சுவர் சுவிட்சுகளையும் விளக்குகளையும் நேரடியாக ஒன்றோடொன்று இணைத்து வைத்திருந்தவர்களின் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இந்தப் பேச்சாளர் நமக்குப் பரிந்துரைப்பது எதை? வெளியூர் சர்வரில் உயிர் வைத்திருக்கும் மலிவு ஒயர்லெஸ் பொருட்களை. மாறும், மறையும் என்று அவரே சொல்லும் பொருட்கள் அவைதான்.

சுவருக்குள் போனவையோ நிலைக்கின்றன. ஐரோப்பாவில் 1990-களிலிருந்து கட்டடங்களில் ஓடும் ஈஐபி என்ற கேபிள்வழிக் கட்டுப்பாட்டு முறையின் வாரிசுதான் இன்றைய கேஎன்எக்ஸ். ஒரு பச்சை நிறக் கேபிள், பல நூறு நிறுவனங்களின் கருவிகள், நடுவில் சர்வர் கிடையாது. விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் அதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது அதைவிட மலிவானது: காலி பைப். தொழில்நுட்பம் மாறும் என்பதுதான் உங்கள் அச்சம் என்றால், ஒயரைப் புதைக்காதீர்கள், பைப்பைப் புதையுங்கள். உள்ளே ஒரு கட்டுக்கம்பியை விட்டு வையுங்கள். இன்று கேட்-6, நாளை ஃபைபர், அதற்கு மறுநாள் இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒன்று. எது வந்தாலும் கம்பியின் நுனியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். டேட்டாவுக்குத் தனிப் பைப், மின்சாரத்துக்குத் தனிப் பைப். எல்போ வேண்டாம், வளைந்து போகும் பெண்ட் போடுங்கள். இரண்டு பெண்டுக்கு மேல் போனால் இடையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ், இல்லாவிட்டால் பிறகு எந்த ஒயரும் நகராது. ஒவ்வொரு ஜன்னலின் மேல் மூலைக்கும் ஒரு பைப், மோட்டார் திரைக்காக. கேட்டுக்கு ஒன்று, பேவர் பிளாக் பதிப்பதற்கு முன்பே. சம்பிலிருந்தும் மொட்டைமாடித் தொட்டியிலிருந்தும் ஒவ்வொன்று, நீர்மட்டம் காட்டும் சென்சாருக்காக. ஃபேன்களை மறக்காதீர்கள்: பி.எல்.டி.சி. ஃபேன் பழைய ரெகுலேட்டருக்குக் கட்டுப்படாது, அதன் இயக்கத்தை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். இவை எல்லாம் வந்து சேரும் இடத்தில், டி.பி. பெட்டிக்கு அருகே, இன்வெர்ட்டர் லைனில் ஒரு சிறு ரேக். கரண்ட் போனால் ரவுட்டரும் சேர்ந்து போகிற வீட்டில் ஆட்டோமேஷன் பேசிப் பயனில்லை.

பூச்சும் பெயிண்டும் முடிந்த சுவரைக் காடி வெட்டி இதையெல்லாம் செய்துகொள்ளலாம் என்பவர்கள், தூசியும் செலவும் ஒருபுறம் இருக்கட்டும், ஸ்லாபை எப்படி வெட்டுவார்கள் என்று சொல்லட்டும். பீமில் துளை போட்டுக் கம்பியை அறுத்தால் பலவீனமாவது வீடு.

கடைசியாக, இதையெல்லாம் கட்டுமானத்தின் நடுவே பேசினால் வேலை தாமதமாகும் என்றார். ஸ்லாபுக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன், எலக்ட்ரீஷியன் எப்படியும் சென்ட்ரிங் மேல் ஏறுகிறார். ஃபேன் பாக்ஸும் விளக்குகளுக்கான பைப்பும் போடத்தானே ஏறுகிறார். கையில் வரைபடம் இருந்தால் அதே நாளில் இந்தப் பைப்புகளையும் சேர்த்துப் போட்டுவிட்டு இறங்குவார். இதில் தாமதம் எங்கிருந்து வந்தது?