முப்பத்தைந்து எடுத்த பிள்ளை எந்தக் கம்பத்தில்?

வன்னி வலயங்களின் தவணைப் பரீட்சைக் கணிதப் புள்ளிகளை ஒப்பிடும்போது, ஒவ்வொரு வலயத்துக்கும் ஏற்ற வகுப்பாயிடையைக் கணினியே தெரிவு செய்யட்டும், அதுதான் பக்கச்சார்பற்ற வழி என்று வாதிடுகிறார் ஒருவர். இந்த வாதம் பிள்ளைகளுக்குக் கேடு.

எக்செல் தானாக வரையும் வலையுருவரையம் 1979இல் டேவிட் ஸ்கொட் தந்த விதிப்படி இயங்குகிறது. மாணவர் தொகையின் கனமூலம் கூடக் கூட ஆயிடை ஒடுங்கும். துணுக்காயைப் போல எட்டு மடங்கு பிள்ளைகள் வவுனியா தெற்கில் எழுதியதாக வைப்போம். புள்ளிப் பரம்பல் இரண்டிலும் அச்சொட்டாக ஒன்றே என்றாலும் துணுக்காயின் ஆயிடை இரு மடங்கு அகலும். சதவீதத்தில் வரைந்தால் கம்பங்களும் ஏறத்தாழ இரு மடங்கு உயரும். இப்படி எழும் உயரத்தைக் கண்டுதான் அவர் "சிறிய வலயத்துப் பிள்ளைகள் நடுவில் திரண்டு நிற்கிறார்கள், மேலதிக வகுப்பு தேவையில்லை" என்கிறார். அவர் அளந்தது பிள்ளைகளின் திறமையை அல்ல, தலைக்கணக்கை.

அதைவிட மோசம் எல்லைகள். சாதாரண தரத்தில் 34 டபிள்யு, 35 எஸ். கணினியோ ஒவ்வொரு வலயத்திலும் ஆகக் குறைந்த புள்ளியிலிருந்து ஆயிடையைத் தொடங்கும். ஓரிடத்தில் 3, இன்னோரிடத்தில் 11. சித்தியும் சித்தியின்மையும் ஒரே கம்பத்துக்குள் கலந்துபோகும். கையால் 30–35 என்று போட்டாலும், வலது எல்லையை அதே கம்பத்தில் சேர்ப்பது எக்செலின் வழக்கம். 35 எடுத்த பிள்ளை தவறியவர்களோடு எண்ணப்படும். எல்லா வலயத்துக்கும் 5 புள்ளி ஆயிடை வைத்து, எல்லைகள் 34.5, 49.5, 64.5, 74.5இல் விழச் செய்தால் எஸ், சி, பி, ஏ நான்கும் தெளிவாகப் பிரியும்.

"சிறிய வலயத்தின் வரைபு ஓட்டையும் ஒடிசலுமாகத் தெரியுமே" என்கிறார். தெரியட்டும்! 75க்கு மேல் யாருமில்லை என்றால் அந்த வெற்றிடத்தைத்தான் அதிகாரிகள் பார்க்க வேண்டும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் படிப்பைத் தொலைத்தவர்கள் இன்று பெற்றோராக நிற்கும் மண் இது. இங்குள்ள குறையை வழவழப்பான வரைபால் மூடுவதை என்னால் மன்னிக்க முடியாது. ஒடிசல் உறுத்தினால் எல்லோருக்கும் சேர்த்து 15 ஆக அகட்டலாம். 35, 50, 65 தப்பும், 75 மட்டும் போகும்.

ஆயிடை சமனில்லாதபோது கம்பத்தின் உயரத்தையல்ல, பரப்பளவையே மீடிறனாகக் கொள்ள வேண்டும். அந்த அடிப்படையையே அவர் விட்டுவிட்டார்.

வரைபுகளை அவர் திரும்ப வரையட்டும்: அதே எல்லைகள், அதே அகலம், நிலைக்குத்து அச்சில் அதே சதவீத அளவு. அதன் பிறகும் மேலதிக வகுப்பு வேண்டாம் என்றால், எந்தக் கம்பத்தைப் பார்த்துச் சொல்கிறார் என்று தொட்டுக் காட்டட்டும்.