பார்க்கும் முன்பே எழுந்த கண்டனம்

ஒரு மர்மத் தொடர் வெளியாகும் முன்னரே அதைத் தடை செய்யக் கோரி ஒரு மாநில அமைச்சர் டில்லிக்குக் கடிதம் எழுதிய சம்பவம் 2021 மே மாதம் நடந்தது. 'தி ஃபேமிலி மேன்' இந்தித் தொடரின் இரண்டாம் பாகம் குறித்த விவகாரம் அது. இலங்கைத் தமிழ்ப் போராளி 'ராஜி'யாக சமந்தா நடித்த இதன் முன்னோட்டம் மே 19-ந் தேதி வெளியானது. உடனே வைகோ கண்டித்தார். தமிழகத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ், மத்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் தடை வரவில்லை. ஜூன் 4-ந் தேதி அமேசான் பிரைமில் தொடர் வெளியாயிற்று. அதன் பிறகும் சீமான், பாரதிராஜா ஆகியோர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

"பார்த்துவிட்டுப் பேசலாமே" என்பது தயாரித்தவர்களின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் முள்ளிவாய்க்கால் நினைவு நாள் மே 18. அதற்கு மறுநாளே, ஈழப் போராளிகளையும் பாகிஸ்தான் உளவுத் துறையையும் ஒரே சதியில் கோத்துக் காட்டினால் மனம் கொதிக்காதா? விளம்பரம் செய்தவர்கள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை போலும்!

தொடரைப் பார்த்தவர்கள் கண்டது வேறு விதமானது. பஸ்ஸில் உரசுகிறவனையும், ஆலையில் தொல்லை தரும் மேற்பார்வையாளனையும் ராஜி பொறுத்துக்கொண்டு போகிறாள்; எந்தக் கணத்தில் வெடிப்பாள் என்ற பதைப்பே கதையை இழுத்துச் செல்கிறது. சமந்தாவின் நடிப்பை எதிர்ப்பாளர்களிலும் சிலர் மெச்சினர். அவர் முகத்தில் பூசிய கருமை மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. தமிழச்சி என்றால் மை பூச வேண்டுமா?

வெளி மாநிலத்தில் குமாஸ்தாவாகவும் தொழிலாளியாகவும் இருக்கும் தமிழருக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 1968-ல் வெளிவந்த 'படோசன்' படத்தில் மெஹ்மூத் போட்ட மதராஸி வேஷத்தை வைத்துத்தான் பக்கத்து மேஜைக்காரர் இன்னமும் கேலி பேசுவார். இத்தொடரிலோ தமிழர்கள் தமிழிலேயே பேசினார்கள். இந்திக்காரர் கீழே எழுத்தைப் படித்துப் புரிந்துகொண்டார். ஓய்வு பெற்ற உளவு அதிகாரி 'செல்லம் சார்' (உதய் மகேஷ்) சில நிமிடங்களே வருகிறார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கும் அந்தப் பெரியவர் பெயர் நாடெங்கும் பரவியது. கோமாளியாக அல்ல, விஷயம் தெரிந்தவராக.

இந்த லாபத்தை ஒப்புக்கொள்வதால் நஷ்டம் மறைந்துவிடாது. செல்லம் சாரை ரசித்த அதே வடநாட்டு ரசிகர், ஈழப் போரில் மடிந்த மக்களைப் பற்றி அறிந்தது இத்தொடர் சொன்ன அளவுதான். அதில் போராளியின் துயரம் கொஞ்சம் வருகிறது, சதிதான் மிகுதி. மூன்றாம் பாகம் 2025 நவம்பரில் வந்தபோது கதை வடகிழக்கு மாநிலங்களுக்குப் போய்விட்டது.