மண்டையிடிக்குக் கந்தகம் மட்டும் பொறுப்பல்ல

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மண்டையிடி வந்தால், காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் மருந்து வாடை என்பார்கள். போர்மேன் வெயில் என்பார். வீட்டுப் பெரியவர்களுக்கு அது பித்தம், மெடிக்கல் கடைக்காரருக்குச் சைனஸ். கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லவும் ஒருவர் இருப்பார். ஆளுக்கொரு காரணம் சொன்னாலும் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றுதான்: குற்றவாளி ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிட்டுத் தேடுகிறார்கள். ஒற்றைத் தலைவலி எனப்படும் மைக்ரேன் அப்படிப் பிடிபடுகிற நோயல்ல. ஒற்றைக் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்வரை பட்டாசுத் தொழிலாளிக்குச் சரியான வைத்தியமும் கிடைக்காது, வேலையிடத்தில் மாற்றமும் வராது என்பது என் கருத்து.

மைக்ரேனை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். இரு பக்கமும் வலிப்பவர்களும் உண்டு. நடந்தால், குனிந்தால், படியேறினால் கூடும். வயிற்றைப் புரட்டும், வெளிச்சம் கூசும், சத்தம் ஆகாது. சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணெதிரே வளைவளைவாக ஒளிக்கோடுகள் ஓடும், கை மரத்துப்போகும். வலிக்கும்போது மூக்கடைப்பதும் கண்ணில் நீர் வடிவதும்கூட மைக்ரேனின் வேலையாக இருக்கலாம். அதனால்தான் ‘சைனஸ்’ என்ற பெயரில் இத்தனை மைக்ரேன்கள் ஒளிந்திருக்கின்றன. நோயின் வேர் மூளையிலும், முகத்துக்கும் தலைக்கும் போகும் முக்கிளை நரம்பிலும் இருக்கிறது; பரம்பரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கர்நாடக நகரங்களிலும் கிராமங்களிலும் எடுத்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், ஓராண்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். வெடிமருந்தை மோந்தே பார்க்காதவர்களுக்கு இந்த அளவு இருக்கிறதென்றால், கந்தக வாடையை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

வெடிமருந்துக்கும் தலைவலிக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் வேறொரு மருந்தில். 1847-ல் இத்தாலியில் நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்த சோப்ரேரோ, அதை நாக்கில் துளி வைத்துப் பார்த்துக் கடும் தலைவலிக்கு ஆளானார். பின்னாளில் டைனமைட் ஆலைத் தொழிலாளிகளுக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் திங்கட்கிழமைகளில் தலை பிளந்தது. அதே பொருளை வைத்து டென்மார்க் மருத்துவர்கள் பிற்பாடு செய்த சோதனைகள்தான் நமக்கு முக்கியம். ரத்தத்தில் அதைச் செலுத்தியபோது சாதாரண ஆட்களுக்கு லேசான தலைவலி வந்து போய்விட்டது. மைக்ரேன் உடம்புக்காரர்களுக்கோ சில மணி நேரம் கழித்து முழு மைக்ரேனே வந்தது. பொருள் ஒன்று, உடம்பு வேறு. சிவகாசி மருந்தில் நைட்ரோகிளிசரின் கிடையாது. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பவுடர் இவைதான் அடிப்படை. பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை செய்துவிட்டது. ஆகவே டைனமைட் கதையை அப்படியே இங்கே பெயர்த்து நடக்கூடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைக்ரேன் கிளம்பும்போதே வாடையும் வெளிச்சமும் பொறுக்க முடியாமல் போகும். அப்போது வாடையால் வலி வந்ததா, வலி வரப்போவதால் வாடை உறைத்ததா என்று பிரிப்பது கடினம். பளிச்சிடும் வெளிச்சமோ கடும் உடலுழைப்போதான் தங்களுக்கு வலியைக் கிளப்புகிறது என்று நம்பிய 27 பேரை, 2013-ல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் அதற்கே உட்படுத்திப் பார்த்தார்கள். 6 பேருக்குத்தான் மைக்ரேன் வந்தது.

இதைப் படித்துவிட்டு ஆலை முதலாளிகள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டியதில்லை. தனியாக ஒரு தூண்டுதல் பலவீனமானது. நாலைந்து ஒன்றுகூடினால் மைக்ரேன் உடம்பு தாங்காது. பட்டாசு ஆலையின் வேலைநாள் அவற்றை ஒன்றுகூட்டியே வைத்திருக்கிறது. ஊருக்குள் விடிகாலையில் வேன் வந்துவிடும். அதற்குள் சோறு பொங்கி, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தூக்கம் குறைகிறது, காலைச் சாப்பாடு பெரும்பாலும் ஒரு டீயோடு சரி. தீப்பொறிக்கு அஞ்சி, மருந்து புழங்கும் அறையில் மின்விசிறி வைப்பதில்லை. உள்ளே தரையில் குத்தவைத்து, கழுத்தைக் கவிழ்த்து, கையெல்லாம் வெள்ளிப்பூச்சாய் அலுமினியப் பவுடர் படிய வேலை நடக்கிறது. சரம் பின்னுவதற்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கில் என்றால், தண்ணீர் குடிக்க எழுந்தாலும் நஷ்டம். ஒதுங்க வசதி சரியில்லாத இடத்தில் தண்ணீர் குடிக்காமலிருப்பதே மேல் என்று ஆகிவிடுகிறது. வாசலுக்கு வெளியே விருதுநகர் வெயில். மாதவிலக்கு நாள் இதோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலையும் விட்டுவிடக் கூடாது: தலைக்குக் குளிப்பதே மைக்ரேனைக் கிளப்புவதை 94 இந்திய நோயாளிகளிடம் கண்டு, மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல் எழுதியிருக்கிறார். ஈரத்தலையோடு வேனுக்கு ஓடும் பெண்ணுக்கு இது புது விஷயமாக இருக்காது.

‘ஒரே அறையில் நாலு பேர் வேலை பார்க்கிறார்கள், ஒருத்திக்கு மட்டும் ஏன் வலிக்க வேண்டும், இது சாக்கு’ என்று சொல்பவர்களுக்கு டென்மார்க்கின் நைட்ரோகிளிசரின் சோதனையே பதில். அதைவிடக் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் நாற்பது பேர் அளவில் கருகிப்போன தொழில் இது. உயிரே கேள்விக்குறியாக இருக்கும் இடத்தில் தலைவலிக்கு என்ன அவசரம்? விபத்துகளுக்கு மைக்ரேன் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உராய்ந்தாலே பற்றுகிற பொருளை, கண்முன் ஒளிக்கோடு ஓடி, கை மரத்து, வாந்தியை அடக்கிக்கொண்டிருப்பவர் கையாள வேண்டாம் என்பதுதானே பாதுகாப்பின் அரிச்சுவடி? வலி வந்தவரை மருந்து அறையிலிருந்து எழுப்பி நிழலில் படுக்க வைப்பதும், அதற்காகக் கூலியைப் பிடிக்காமலிருப்பதும் தலைவலி வைத்தியம் மட்டுமல்ல. காலைச் சாப்பாட்டுக்கு ஒரு இடைவேளை, கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர், சுத்தமான கழிப்பறை ஆகியவற்றுக்கு ஆகும் செலவு தீபாவளிச் சரக்கின் விலையில் தெரியக்கூடச் செய்யாது.

தொழிலாளி தரப்பில் மாற வேண்டியது மாத்திரைப் பழக்கம். வலி தொடங்கியதும் சரியான அளவில் போடும் மாத்திரை உதவும். ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேலோ, கூட்டு மாத்திரையை 10 நாளுக்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். அடிக்கடி வருபவர்களுக்கு வலியை வராமலே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் இரண்டும் பழையவை, விலை மலிவானவை. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும், ஆஸ்துமாக்காரர்களுக்கு முதலாவது ஆகாது. திடீரென்று இடி விழுந்ததுபோல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுத்துக்கொள்வது, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி இவற்றை மைக்ரேன் கணக்கில் சேர்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வாசலுக்கே வந்து பார்க்கப்படுகின்றன. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. பட்டாசு ஆலைகளில் நடத்தும் மருத்துவ முகாம்களில் மூன்று கேள்விகளைச் சேர்க்கும்படி இவற்றின் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: தலைவலியின்போது குமட்டுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது அதனால் வேலை கெட்டதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் பெரும்பாலும் மைக்ரேன்தான். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஸ்கேனும் வேண்டியதில்லை.