தோலில் தொடங்காத தோல் நோய்

‘ஸ்கிளீரோடெர்மா’ எனப்படும் தோல் இறுக்க நோயின் பெயரே நோயாளியைத் திசைதிருப்பிவிடுகிறது என்பது என் கருத்து. பெயரைக் கேட்டதும், தோல் வியாதிதானே, களிம்பு போதும் என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் தோல் இறுகுவதற்கு மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் முன்பே இந்நோய் சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கத் தொடங்கிவிடுகிறது. குழாயின் உட்சுவர் சிதைந்து தடிக்க, இரத்தம் செல்லும் வழி குறுகுகிறது. குளிர்ந்த நீர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பின்பு சிவக்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனாட் 1862இல் விவரித்த அறிகுறி இது. வெளுக்கும் விரல்கள் எல்லாம் இந்நோயின் அடையாளம் அல்ல. பலருக்கு அது தீங்கற்றது. விரல்கள் வீங்குவதும் நுனியில் புண் வருவதும் சேர்ந்தால்தான் கவலை. அப்போது நகக்கண்ணின் நுண்குழாய்களை உருப்பெருக்கியால் பார்த்தே மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

கந்தக பூமியான நம் விருதுநகர் மாவட்டத்தில் இவ்வறிகுறி எளிதில் தப்பிவிடுகிறது. இந்த வெயிலில் குளிரால் விரல் வெளுக்குமா என்று கேட்பவர்கள், மார்கழி விடியலில் பாத்திரம் துலக்கும் கைகளைப் பார்க்க வேண்டும். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை செய்யும் பெண்களின் விரல்களில் அலுமினியப் பொடி படிந்திருக்கும். நிறமாற்றம் அதில் மறைந்துபோகும். நுனிப்புண்ணையும் வேலைக்காயம் என்றே ஒதுக்கிவிடுகின்றனர். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பாதிக்கிறது என்பதால் இது சிறிய செய்தி அன்று.

பட்டாசு வேலைதான் காரணம் என்று நான் கூறவில்லை. ஆயினும் கல்தூசிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு, எடின்பரோ கல்தச்சர்களிடம் 1914இலும் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் 1957இலும் பதிவாகியுள்ளது. அச்சகங்களில் உருளை கழுவப் பயன்படும் கரைப்பான்கள் போன்றவையும் ஐயத்திற்கு உரியவை. ஆகவே மருத்துவரிடம் உங்கள் தொழிலையும் சொல்லுங்கள்.

விரலில் நிகழ்வதே நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நிகழக்கூடும். படியேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் எக்கோ பரிசோதனை தேவை. நோய் உறுதியானவர்கள் தொல்லை இல்லாவிடினும் ஆண்டுக்கொரு முறை எடுத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் தாக்கப்பட்டால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். முற்காலத்தில் அந்நிலையை அடைந்தோர் பெரும்பாலும் பிழைத்ததில்லை. ஏ.சி.இ. தடுப்பு மாத்திரைகள் வந்தபின் நிலைமை மாறியது, ஆனால் அவற்றை உடனே தொடங்க வேண்டும்.

எனவே ஆலைகளில் நடைபெறும் மருத்துவ முகாம்களில் கண், மார்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ‘குளிர்ந்த நீரில் விரல் வெளுக்கிறதா?’ என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். அதற்குச் செலவே இல்லை. நோய் உறுதியானவர்கள் புகையிலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வாருங்கள். மருந்துக்கடையில் தாமாக ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவதை மட்டும் உறுதியாகத் தவிருங்கள். மிகுந்த அளவு ஸ்டீராய்டு அந்தச் சிறுநீரக நெருக்கடியையே வரவழைக்கக்கூடும்.