நிற்கும் கார் சும்மா நிற்பதில்லை

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப நம் குடும்பங்களில் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. மெல்பர்னில் மகளுக்குப் பிரசவம், தமிழ்நாட்டில் கோயில் கோயிலாக ஒரு யாத்திரை, சிங்கப்பூரில் வேலை கிடைத்து அறை எடுத்துத் தங்கப் போகும் மகன். துளசிச் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, மீன் தொட்டியை யாரிடம் கொடுப்பது என்று ஒரு வாரம் பேசுவோம். காரைப் பற்றி மட்டும் ஒரே வரி: “காடி வீட்டுலதானே நிக்கப் போவுது, அதுக்கு என்ன?”

அதற்கு என்ன ஆகும் என்பதை 2020-இல் நாடே பார்த்தது. மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. சில வாரங்கள் கழித்துச் சாவியைத் திருகிய பலருக்கு ‘டிக் டிக்’ சத்தம் மட்டுமே பதிலாகக் கிடைத்தது. கார் சும்மா நிற்கும்போதும் அலாரமும் உள்ளே இருக்கும் கணினியும் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். காரின் மொத்த எடையும் டயரின் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். நம் நாட்டு ஈரக்காற்று பிரேக் தட்டில் துருவையும் இருக்கையில் பூஞ்சையையும் வளர்க்கும்.

“தம்பியை வாரத்துக்கு ஒருதடவை வந்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லியிருக்கேன்” என்று நேயர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அக்கறையான ஏற்பாடுதான். ஆனால், ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதில் நன்மையைவிடத் தீமையே அதிகம். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழந்த சக்தி அந்த ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பி வருவதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறாததால், எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி எஞ்சின் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடுகிறது. டயரும் பிரேக்கும் அசையவே இல்லை. தம்பியிடம் சொல்ல வேண்டியது, “இரண்டு வாரத்துக்கு ஒருதடவை அரை மணி நேரம் ஓட்டிட்டு வா” என்பதுதான்.

சாவியைக் கொடுக்கும் முன், நீங்கள் திரும்பும் நாள் வரை சாலை வரியும் காப்புறுதியும் செல்லுபடியாகுமா என்று பாருங்கள். அவை முடிந்துபோன காரைத் தெருமுனைக் கடை வரைகூட அவர் ஓட்டக் கூடாது. பாலிசியில் அவர் பெயர் இல்லாமல் விபத்து நேர்ந்தால், இழப்பீட்டில் ஒரு பகுதியை நீங்களே ஏற்க வேண்டி வரலாம். காப்புறுதி முகவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஓட்ட ஆளே இல்லையா? கிளம்பும் முன் ஒரு சனிக்கிழமையைக் காருக்கு ஒதுக்குங்கள்.

முதலில் கழுவுங்கள். பறவை எச்சமும் மரப்பிசினும் மாதக்கணக்கில் கிடந்தால் பெயின்ட்டை அரித்துவிடும். உள்ளே முறுக்குத் தூள், குழந்தை இருக்கைக்கு அடியில் கிடக்கும் பிஸ்கட் எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். பிஸ்கட்டுக்காக வரும் எலி பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்ளாது, ஒயரையும் கடிக்கும். ஈரக் குடையை வெளியே எடுத்துவிடுங்கள். கால்மிதிகளை வெயிலில் காயப்போடுங்கள்.

எஞ்சின் எண்ணெய் மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். பழைய எண்ணெயில் ஈரமும் அமிலமும் சேர்ந்திருக்கும். பெட்ரோலை முழுதாக நிரப்புங்கள்; டாங்கியில் காலியிடம் குறைந்தால் ஈரம் படிவதும் குறையும். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது ஈரத்தை எளிதாக இழுக்கும் என்பதால், டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் வொர்க்‌ஷாப் ஃபோர்மனிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

டயரில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடியுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடியே மாதக்கணக்கில் விட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, ஆட்டோ என்றால் ‘பி’யிலும் மேனுவல் என்றால் முதல் கியரிலும் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள்.

கடைசி வேலை பேட்டரி. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கறுப்பு நிற நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்து, கதவைச் சாவியால் பூட்டுங்கள். அதன்பின் அலாரம் வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எதையும் கழற்றாமல் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள்.

காரை மூடுவதென்றால் காற்றுப் புகும் துணி உறை போதும். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம். உள்ளே ஈரம் அடைபடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதன் மடிப்புகளில் தேங்கும் மழைநீர். ஏடிஸ் கொசு முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். நீங்கள் மெல்பர்னில் பேத்தியைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுப் பேரன் டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடக்கக் கூடாது. கொசு பெருக இடம் கொடுத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கையும் உண்டு.

திரும்பி வந்ததும் அவசரம் வேண்டாம். பானெட்டைத் திறந்து எலிக் கூடு இருக்கிறதா, காருக்கு அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றைச் சரிசெய்து, தாமானுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். முதல் சில பிரேக்குகளில் வரும் கரகர சத்தம், துரு உதிரும் சத்தம், தானாகப் போய்விடும். ஆனால், பிரேக் மிதி மெத்தென்று உள்ளே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு ஃபோர்மனை வரச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளும் விஷயமல்ல அது.

இந்த ஏற்பாடெல்லாம் சில மாதங்களுக்குத்தான். அப்பா ஓட்டிய பழைய சாகாவை, அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகும் விற்க மனமில்லாமல் போர்ச்சில் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அந்த மனம் புரிகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்துக் கேளுங்கள். “ஓட்டலாம்பா” என்று அவர் சொன்னால் வரியையும் காப்புறுதியையும் புதுப்பித்து, வொர்க்‌ஷாப்பில் பார்த்து, வாரம் ஒருமுறை அவரைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். “வேணாம்பா, வேற யாராச்சும் ஓட்டட்டும்” என்றால், துரு தின்னும் முன் நல்ல கையில் கொடுத்துவிடுங்கள்.