ஆலோசகரை நாடுவது இழுக்கா?

'கவுன்சலிங்' என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது பொறியியற் கல்லூரிச் சேர்க்கைதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்றே அடுத்த கேள்வி பிறக்கும். அதே சொல்லை அதன் மற்றொரு பொருளில், அதாவது மனத்துயர் தீரப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசுதல் என்னும் பொருளில் சொல்லிப் பாருங்கள். உடனே குரல் தாழ்கிறது. "அவனுக்கு என்ன ஆயிற்று?" என்று காதோடு காதாகக் கேட்கிறோம். பல் வலித்தால் பல் மருத்துவரிடம் போகிறவனை யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்தக் குரல் தாழ்வு நமக்குப் பெருங்கேடு செய்கிறது என்பதே என் கருத்து.

முதலில் அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஒரு மணி நேரத்திற்கு மேற்படாத பேச்சு. அதிற் பெரும்பகுதி வந்தவருடைய பேச்சு. ஆலோசகர் மாத்திரை எழுதித் தருபவர் அல்லர். அது மனநல மருத்துவரின் வேலை. "இப்படிச் செய், அப்படிச் செய்யாதே" என்று ஆணையிடுபவரும் அல்லர். குறுக்கிடாமல் கேட்பார், கேட்டதைத் தெளிவாக்கித் திருப்பிச் சொல்வார், நாம் நம்மையே கேட்டுக்கொள்ளத் தயங்கும் கேள்வியைக் கேட்பார். உயிருக்கு ஆபத்து என்னும் நிலை போன்ற சில நேரங்கள் தவிர, அங்கே பேசியதை வெளியே சொல்லாதிருப்பது அவர் தொழில் அறம்.

"இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு?" என்பார் சிலர். அவர்கள் தொல்காப்பியத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பிணக்கு நேர்ந்தால் இடைநின்று பேசுவோரை 'வாயில்கள்' என்று கற்பியல் கூறுகிறது. ஒருவர் இருவர் அல்லர், பன்னிருவர்! தோழியும் தாயும் அவர்களுள் உண்டு, பாணனும் விருந்தினரும் உண்டு, அறிவரும் உண்டு. இருவர் தாமாகத் தீர்த்துக்கொள்ள முடியாத துயருக்கு மூன்றாமவர் ஒருவர் வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று.

ஆனால் அந்த வாயில்கள் இன்று எங்கே? சென்னையில் ரயிலேறி இரண்டு இரவுகள் கழித்து இந்தத் தலைநகரில் இறங்கினோமே, அப்போதே அத்தையையும் மாமாவையும் தெருக்கோடித் தாத்தாவையும் விட்டுவிட்டு வந்தோம். தொலைபேசி இருக்கிறது, உண்மைதான். அதில் "சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்க, "சாப்பிட்டேன்" என்று நாம் பொய் சொல்வதோடு பேச்சு முடிகிறது. இன்னொன்றும் உண்டு. உறவினர் எவ்வளவு நல்லவராயினும் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்தவர். பெண் வீட்டார் அல்லது மாப்பிள்ளை வீட்டார். இன்று சொன்னது அடுத்த கல்யாணப் பந்தியில் பேச்சாகாது என்பதற்கு என்ன உறுதி? நம்மை அறியாதவராய், எப்பக்கமும் சாராதவராய் இருப்பதே ஆலோசகரின் பலம்.

இல்லறத்தை எடுத்துக்கொள்வோம். நம்மிடையே மணமான ஆராய்ச்சி மாணவர்களும் இருக்கிறார்கள். உதவித்தொகை ஒன்று, உள்ளங்கள் இரண்டு, ஊரிலிருந்து வரும் கட்டளைகளோ பல! 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கின் தன்மைக்கு ஏற்ப முதலில் இணக்கம் காண முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியது; அதற்கு உதவ ஆலோசகர்களை அமர்த்தவும் வழி செய்தது. வழக்கு மன்றத்தின் படியேறிய பிறகு கிடைக்கும் அந்த உதவியைப் படியேறும் முன்பே நாடினால் என்ன? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அடியும் உதையும் உள்ள வீட்டில் "பொறுத்துப் போ" என்பது ஆலோசனை ஆகாது. அங்கே முதலில் வேண்டுவது பாதுகாப்பு. பிரிவதே நல்லதென்று இருவரும் தெளிந்தால், பகையின்றிப் பிரியவும் ஆலோசகர் துணை செய்வார்.

குடும்பத்தை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் சீராக்க முயல்வது பல நேரங்களில் வீண். இதை நம் நாட்டு மருத்துவர்கள் முன்பே கண்டார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் அக்காலந்தொட்டே குடும்பத்தாரை உடன் தங்கவைத்துச் சிகிச்சை அளித்து வருகிறது. வடக்கே ஓர் ஊரும் தெற்கே ஓர் ஊரும் கண்ட ஒரே உண்மை அது. மகன் படிக்கவில்லை என்று தந்தை வருந்துகிறார். தந்தை பேசுவதில்லை என்று மகன் வருந்துகிறான். இருவருக்கும் இடையே தூது சென்றே அம்மா இளைத்துப்போகிறாள். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தாலன்றி முடிச்சு எங்கே விழுந்தது என்று தெரியுமா?

இனி நம் கதைக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். அந்த எண்ணை மெல்லப் படியுங்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் கல்வி நிலையம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. அது சலுகையன்று, கேட்டுப் பெற வேண்டியது.

அறை கிடைத்தது, ஆலோசகர் கிடைத்தார் என்றே வைத்துக்கொள்வோம். எந்த மொழியில் அழுவது? ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதிவிடலாம். ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேரம் பேசிவிடலாம். 'மனசு கனக்கிறது', 'எதிலும் ஒட்டவில்லை', 'நெஞ்சை அடைக்கிறது' என்பவற்றை வேற்று மொழியில் பெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் சொல்லவந்தது பாதி செத்துவிடுகிறது. விடுதியில் நான் பழகிய மாணவர் ஒருவர் இரண்டு முறை ஆலோசகரைக் கண்டார். மூன்றாம் முறை போகவில்லை. "அவர் நல்லவர்தான், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கணம் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது" என்றார். பிறகு தமிழறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசி வழியே பேசத் தொடங்கினார். இன்று படிப்பைத் தொடர்கிறார்.

"நண்பர்கள் நாங்கள் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறீர்கள், இருக்கவும் வேண்டும். ஆயினும் கால் முறிந்தவனைத் தோளில் தூக்கிச் செல்வது நண்பன் கடமை. எலும்பைச் சேர்த்துக் கட்டுவது அவன் கடமையன்று. கதவு வரை கூட்டிச் செல்லுங்கள், வெளியே காத்திருங்கள். என்ன பேசினாய் என்று மட்டும் கேளாதீர்கள்.

யாரிடம் போவது என்பதிலும் விழிப்பு வேண்டும். பெயர்ப்பலகை மாட்டியவரெல்லாம் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். என்ன படித்தீர்கள், எங்கே பயின்றீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். ஒரே நாளில் தீர்த்துவைப்பேன் என்பவரிடமிருந்து விலகி நிற்பதே நன்று.

நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: தமிழில் பேசவல்ல ஆலோசகர் ஒருவரை, வாரம் ஒரு நாளாவது, தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்யும்படி பல்கலைக்கழகத்திடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். இரண்டு: மைய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண் 14416. இரவும் பகலும் இயங்குவது, கட்டணம் இல்லாதது, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேச வழி செய்வது. அந்த எண்ணை நம் அறிவிப்புப் பலகையின் தலைப்பில் எழுதி வைக்க வேண்டும். மூன்று: புதிய மாணவர் வரவேற்பு நாளில், எந்தப் பேருந்து எங்கே போகும், எங்கே இட்லி கிடைக்கும் என்று சொல்லும்போதே, மனம் சோர்ந்தால் எங்கே போவது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக, உரத்த குரலில் சொல்ல வேண்டும்.

சங்கமே பஞ்சாயத்து செய்யப் புறப்பட வேண்டாம். அதற்கான பயிற்சி நமக்கில்லை. வழிகாட்டினால் போதும். பொங்கல் விழாவில் கரும்பு தருகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். அவை இனிக்க வேண்டுமானால், விழாவுக்கு வராமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ஒருவரையும் நாம் எண்ண வேண்டுமன்றோ?